காபிக்கு முன் ஒரு மணி நேரம்

தைராய்டு குறைவுக்கு மருந்து உண்டு, விலையும் குறைவு. மாத்திரையை விடாமல் போட்டும் பலருக்கு ரிப்போர்ட் ஏன் சரியாக வருவதில்லை?

காலை ஆறு மணி. ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கிவிட்டது, பால் பொங்கத் தயாராக இருக்கிறது. ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் சின்ன பாட்டிலைத் திறந்து, மூடியில் ஒரு வெள்ளை மாத்திரையைத் தட்டி, ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்குகிறார் அந்த வீட்டின் அம்மா. பத்து நிமிடத்தில் கையில் காபி டம்ளர். பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது, ராத்திரி போட மறந்த கால்சியம் மாத்திரை ஞாபகம் வருகிறது. அதையும் போட்டுக்கொள்கிறார். டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் கூடவே உள்ளே போகிறது.

ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை அவர். முட்டைக்கோஸை வீட்டுக்குள் சேர்ப்பதே இல்லை. ஆனாலும் மூன்று மாதம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு அம்புக்குறியோடு வந்து நிற்கிறது. டோஸ் கூட்டப்படுகிறது. அடுத்த தடவையும் அப்படியே.

எத்தனையோ வீடுகளில் பொழுது இப்படித்தான் விடிகிறது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, கோவா, அகமதாபாத், டெல்லி, கொல்கத்தா ஆகிய எட்டு நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 11 சதவிகிதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருப்பதாகச் சொன்னது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு, ரத்தம் எடுத்துப் பார்க்கும்வரை தனக்கு அது இருப்பதே தெரியாது.

சுரப்பி சோர்ந்தால்

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருக்கிறது தைராய்டு சுரப்பி. டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு வேகமாக அசைய வேண்டும், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் பெருமளவு இவைதான் முடிவு செய்கின்றன. இவை குறைந்தால் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முடி கொட்டுவது, மாதவிலக்குக் கோளாறு, குரல் கம்முவது, மனச்சோர்வு, ஏறும் கொலஸ்ட்ரால் என்று உடம்பு ஒவ்வொன்றாக மந்தமாகும்.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதல்ல, மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவு. வேலை நடக்காத இடத்தில் மேஸ்திரியின் குரல் உயர்வதுபோல, தைராய்டு சோர்ந்தால் டி.எஸ்.எச். ஏறும். ரிப்போர்ட்டில் அந்த எண் அதிகமாக இருந்தால் தைராய்டு குறைவு என்று அர்த்தமாவது இதனால்தான்.

அயோடின் பற்றாக்குறை இல்லாத இடங்களில் இந்தக் குறைவுக்கு முதல் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹகாரு ஹஷிமோட்டோ, நான்கு நோயாளிகளின் சுரப்பிகளை ஆராய்ந்து 1912-ல் இதை முதன்முதலில் விவரித்தார். அதனால் ‘ஹஷிமோட்டோ’ என்றே டாக்டர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். பெண்களிடம் பல மடங்கு அதிகம்.

சிகிச்சைக்கு வயது அதைவிடக் கூடுதல். 1891-ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். கைவிடப்பட்ட நிலையில் இருந்த அந்தப் பெண், அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று ஆட்டுச் சுரப்பி தேவையில்லை. லீவோதைராக்சின் என்ற பெயரில், நம் உடம்பு சுரக்கும் டி4-ஐ அச்சு அசலாகச் செயற்கையில் தயாரித்து மாத்திரையாகத் தருகிறார்கள். மருந்துக்கடையில் எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்தியாவின் பட்டியலிலும் இது இருக்கிறது.

ஆக, குறைந்ததை அப்படியே ஈடுகட்டும் மருந்து கைவசம் இருக்கிறது. சிக்கல் அதைப் போட்டுக்கொள்ளும் நேரத்தில்தான்.

மாத்திரையும் டம்ளரும்

மற்ற மாத்திரைகள் மில்லிகிராமில் வரும். இது மைக்ரோகிராமில்; 25, 50, 75, 100 என்று. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. முழு அளவு தேவைப்படுகிறவர்களுக்கு எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது கணக்கு. இவ்வளவு நுணுக்கமான அளவில் தரப்படும் மருந்தில் கொஞ்சம் குடலிலேயே தங்கிவிட்டால்கூட ரிப்போர்ட்டில் தெரிந்துவிடும்.

வெறும் வயிற்றில் போட்டாலே 70 முதல் 80 சதவிகிதம்தான் ரத்தத்தில் சேரும். கூடவே சாப்பாடு போனால் இன்னும் குறையும். மாத்திரைக்குப் பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்வது அதற்காகத்தான். ‘சாப்பாடு’ என்றதும் இட்லியும் தோசையும் நினைவுக்கு வருகின்றனவே தவிர, காபியை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. காபியும் மாத்திரையும் ஒன்றாகப் போனால் மருந்து உடம்பில் சேர்வது குறைகிறது என்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் 2008-ல் காட்டினார்கள். அவர்கள் பார்த்தது எஸ்பிரெஸ்ஸோ. பால்கூடச் சேராத காபி. நம் வீட்டு டம்ளரில் டிகாக்‌ஷனோடு பாலும் இருக்கிறது. பாலில் கால்சியம் இருக்கிறது.

காபியைவிடப் பெரிய தடை, கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும். குடலில் இவை லீவோதைராக்சினோடு ஒட்டிக்கொண்டு, அதை ரத்தத்துக்குப் போகவிடாமல் செய்கின்றன. நாலு மணி நேர இடைவெளி வேண்டும். தமிழ்நாட்டில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது என்பதைத் தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடக்கும் வீடுகள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டையும் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் வேறு வேறு டாக்டர்கள்.

‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் பான்டபிரசோல், ஒமிபிரசோல் வகையறாவும் பட்டியலில் உண்டு. மாத்திரை கரைவதற்கு வயிற்று அமிலம் வேண்டும். இவை அந்த அமிலத்தையே குறைக்கின்றன.

இதில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. காபியோடும் கால்சியத்தோடும் மல்லுக்கட்டுகிற மாத்திரைக்கு ஈடாக டோஸ் 75-லிருந்து 100, 125 என்று ஏறுகிறது. பிறகு ஒருநாள் கால்சியத்தை நிறுத்துகிறார், அல்லது வீட்டு வேலை மாறி காபி தள்ளிப்போகிறது. இப்போது 125-ம் முழுசாக உடம்பில் இறங்குகிறது. படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் வருகின்றன. காரணம் தெரியாமல் இதய டாக்டரிடம் ஓடுகிறார்கள். டோஸைக் கூட்டும் முன், காலையில் என்னென்ன எந்த வரிசையில் வயிற்றுக்குள் போகிறது என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை; நோயாளியே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

காலையில் காபியைத் தள்ளிப்போடவே முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. படுக்கப் போகும்போது மாத்திரை போட்டவர்களுக்கு டி.எஸ்.எச். இன்னும் நன்றாகக் கட்டுப்பட்டதை நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2010-ல் காட்டியது. ஒரே நிபந்தனை, கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுக்கும் வீட்டில் இது நடக்காது. ஏழு மணிக்கே சாப்பாட்டை முடிக்கிறவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

▪ பெட்டிச் செய்தி: இடைவெளிக் கணக்கு

காபி, டீ, காலை உணவு: மாத்திரைக்குப் பின் 30 முதல் 60 நிமிடம்.

கால்சியம், இரும்புச்சத்து, இவை சேர்ந்த சத்து மாத்திரைகள், அமிலத்தை முறிக்கும் ஜெல் மருந்துகள்: 4 மணி நேரம்.

டோஸ் மாற்றியபின் அடுத்த ரத்தப் பரிசோதனை: 6 முதல் 8 வாரம். அதற்குமுன் எடுத்தால் எண் இன்னும் நிலைக்கு வந்திருக்காது.

காலையில் மறந்துவிட்டால்: அன்றைக்கே, வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

பாட்டில்: வெயில், சூடு, ஈரம் மூன்றும் ஆகாது. அடுப்பங்கரையைவிடப் படுக்கையறை அலமாரி நல்ல இடம்.

முட்டைக்கோஸ் மீது பழி

தைராய்டு என்று ரிப்போர்ட் வந்த அன்றே சொந்தக்காரர்கள் ஒரு தடைப் பட்டியலோடு வந்துவிடுவார்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, மரவள்ளிக்கிழங்கு, சோயா, கம்பு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தக் காய்களில் இருக்கும் சில பொருட்கள், சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கக்கூடியவை. ஆனால் அது பிரச்னையாவது, அயோடின் ஏற்கெனவே குறைவாக இருந்து, இவற்றையே மூன்று வேளையும் சாப்பிடும்போது. வேகவைத்தாலே பெரும்பகுதி போய்விடும். வாரம் இரண்டு நாள் முட்டைக்கோஸ் பொரியல் சாப்பிடுவதால் யாருடைய டோஸும் மாறப்போவதில்லை. மாத்திரை போடுகிறவருக்கு ஹார்மோன் வெளியிலிருந்தே வந்துவிடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. சோயா மட்டும் வேறு வகை. அது மாத்திரை சேர்வதையும் கெடுக்கும் என்பதால், மாத்திரை நேரத்திலிருந்து தள்ளிச் சாப்பிட வேண்டும்.

காய்கறியைத் தள்ளிவைக்கும் வீடுகளில் உப்பு ஜாடியை யாரும் பார்ப்பதில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிகளுக்கு 250. இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பு கழுத்துக் கழலையைக் குறைப்பதை நிரூபித்தது. 1962-ல் தேசியத் திட்டம் பிறந்தது அதன் தொடர்ச்சிதான். அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்காக விற்கக் கூடாது என்ற தடை 2006-ல் மீண்டும் அமலுக்கு வந்தது. விற்பனைக்கு வரும் உப்பில் பத்து லட்சம் பங்குக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும்.

தூத்துக்குடியும் வேதாரண்யமும் இருக்கும் மாநிலத்தில் இது தானாக நடந்திருக்க வேண்டும். ஆனால் 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவிகிதம், தமிழ்நாட்டில் 61.9. கடைசி வரிசையில் நிற்கிறது உப்பளம் உள்ள மாநிலம். உப்பளத்திலிருந்து நேராக மூட்டையில் வரும் கல் உப்பின் மேல் நமக்கிருக்கும் பிரியம் அதற்கு ஒரு காரணம். இப்போது இந்துப்பும் சேர்ந்துகொண்டது. இயற்கையானது என்று நம்பி வாங்கும் அந்த இளஞ்சிவப்பு உப்பில், தேவைக்குப் போதுமான அயோடின் கிடையாது. வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தால் இது சின்ன விஷயமல்ல.

அதற்காக அயோடினை அள்ளிச் சாப்பிட்டால் தைராய்டு சரியாகிவிடும் என்பதும் தவறு. ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அயோடின் அளவுக்கு மீறினால் சுரப்பி இன்னும் மந்தமாகும். கடற்பாசி மாத்திரைகள் அந்த வகையில் ஆபத்தானவை.

சத்து மாத்திரை தரும் பொய்க் கணக்கு

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் இன்று ஏராளம். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம். கடையில் கிடைக்கும் முடி வளர்ச்சி மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கின்றன. பயோட்டின் தைராய்டைக் கெடுப்பதில்லை. லேப் கருவியை ஏமாற்றிவிடுகிறது. பல பரிசோதனை முறைகள் பயோட்டினைப் பயன்படுத்தியே இயங்குபவை. ரத்தத்தில் அது மிதந்தால் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். குறைவு இருப்பவருக்கு ‘அதிகம்’ என்று ரிப்போர்ட் வரும். அதை நம்பி டோஸ் குறைக்கப்படும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2017-ல் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்னதாக பயோட்டினை நிறுத்திவிட வேண்டும், லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.

செலினியம் பெரிதாகப் பேசப்படுகிறது. சில ஆய்வுகளில் அது சுரப்பிக்கு எதிரான ஆன்டிபாடிகளைக் குறைத்தது உண்மை. ஆனால் நோயாளிக்கு உடம்பு தேறியதா, டோஸ் குறைந்ததா என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. எல்லோருக்கும் கொடுங்கள் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வதில்லை. அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். எதற்காக வாங்கினார்களோ அதுவே நடக்கும். அமுக்கராவும் யோசிக்க வேண்டிய ஒன்று. தைராய்டு ஹார்மோனை அது கூட்டக்கூடும் என்பதால் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டருக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது.

பி12, வைட்டமின் டி ஆகியவற்றின் கதை வேறு. டி.எஸ்.எச். சரியான பிறகும் சிலருக்குச் சோர்வு தீராது. அப்போது ரத்தசோகை, பி12 குறைவு, தூக்கக் குறைபாடு இவற்றைத் தேடிப் பார்ப்பது பயன் தரும். குறைவு இருப்பது தெரிந்தபின் போடுகிற சத்து மாத்திரைக்கு மதிப்பு உண்டு.

எடையைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். தைராய்டு குறைவால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் நாலரை கிலோ. அதிலும் பெரும்பகுதி உடம்பில் தேங்கிய நீரும் உப்பும். பதினைந்து கிலோவுக்கு மாத்திரை பதில் சொல்லாது. இளைப்பதற்காக டோஸைக் கூட்டிப் போடுவது இதயத்தோடு விளையாடுவது.

▪ பெட்டிச் செய்தி: ‘நிரந்தரத் தீர்வு’ விளம்பரங்கள்

நாற்பது நாளில் தைராய்டு போயே போய்விடும் என்ற விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. காரணம், ரத்தத்தில் இருக்கும் டி4 பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். பழைய மாத்திரையின் இருப்பில் உடம்பு ஓடும். பெயர் புது மருந்துக்குப் போகும். ஒன்றிரண்டு மாதத்தில் மந்தம் திரும்பும். நெடுநாள் நிறுத்தினால், குறிப்பாக வயதானவர்களுக்கு, உடல் குளிர்ந்து நினைவிழக்கும் உயிராபத்து வரை போகலாம். கழலையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டின் மருந்துகள், மந்திர வைத்திய விளம்பரச் சட்டம் தடை செய்திருக்கிறது.

கர்ப்பம்: காத்திருக்க நேரமில்லை

வயிற்றில் வளரும் குழந்தைக்குச் சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் சுரக்கத் தொடங்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை மூளை வளர்ச்சிக்கு வேண்டியது முழுவதும் அம்மாவிடமிருந்துதான் வர வேண்டும். அம்மாவின் தேவையும் முதல் சில வாரங்களிலேயே ஏறிவிடுகிறது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், ரத்தக்கொதிப்பு எல்லாம் கவனிக்காமல் விட்ட தைராய்டு குறைவோடு சேர்த்துப் பேசப்படும் ஆபத்துகள்.

ஏற்கெனவே மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, நாள் தள்ளிப்போனது உறுதியானதுமே டோஸ் 25 முதல் 30 சதவிகிதம் கூட வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஏழு மாத்திரை போடுகிறவர் இரண்டு கூடுதலாக, ஒன்பதாகப் போடுவது அமெரிக்கத் தைராய்டு சங்கம் பரிந்துரைக்கும் எளிய வழி. இதை டாக்டரோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்கும் வாரங்கள் வீணாகாது. முதல் பாதி முழுக்க நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் பழைய டோஸுக்குத் திரும்ப வேண்டும். பிள்ளை பெற்ற அலுப்பில் பலர் விட்டுவிடுவது இதை.

நாலாம் மாதத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கைக்கு வருகின்றன. இரண்டும் அவசியம். இரண்டுமே தைராய்டு மாத்திரையோடு சேராதவை. ஒன்றோடு ஒன்றும் சேராதவை. ஹார்மோன் அதிகம் வேண்டிய நேரத்தில், அதைத் தடுக்கும் மாத்திரைகளும் வந்து சேர்கின்றன. எழுந்ததும் தைராய்டு மாத்திரை; கால்சியம் மதியச் சாப்பாட்டில் தொடங்கி; இரும்புச்சத்து அதிலிருந்து தள்ளி. இதை ஒரு தாளில் நேரம் போட்டு எழுதித்தரச் சொல்லி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பது மருந்துக்கு இணையான வேலை.

குழந்தை பிறந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. பிறவியிலேயே தைராய்டு குறைவோடு வரும் குழந்தைகள் இந்தியாவில் சுமார் ஆயிரத்துக்கு ஒன்று. பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழந்தை அதிகம் தூங்கும், மஞ்சள் காமாலை இழுக்கும், அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கொடுக்க ஆரம்பித்தால் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். மாதக்கணக்கில் தாமதமானால் மூளைக்கு ஏற்பட்ட இழப்பை எந்த டோஸாலும் திருப்பித் தர முடியாது. பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் நடந்தாலும், வீட்டுக்குக் கிளம்பும் முன் ‘தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?’ என்று கேட்க வேண்டியது பெற்றவர்களின் உரிமை.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு

வயதானவர்களிடம் கதை தலைகீழாகிறது. டி.எஸ்.எச். கொஞ்சம் மட்டும் ஏறி, டி4 சரியாக இருக்கும் நிலையில் பலருக்கு மாத்திரை தொடங்கப்படுகிறது. வயது கூடக்கூட டி.எஸ்.எச். இயல்பாகவே சற்று ஏறும். 65 வயதைத் தாண்டிய 737 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி லேசாக ஏறியவர்களுக்கு மாத்திரை கொடுத்தும் சோர்விலோ மற்ற அறிகுறிகளிலோ வித்தியாசம் தெரியவில்லை. டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் நிலைமை வேறு. இதய நோய் இருந்தால் அப்போதும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில்தான் மெல்லத் தொடங்குவார்கள்.

இன்னும் கவலைப்பட வேண்டியது, பதினைந்து இருபது வருடமாக ஒரே டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிகளைப் பற்றி. ஐம்பது வயதில் 68 கிலோ இருந்தபோது எழுதிய 100 மைக்ரோகிராம், இப்போது 52 கிலோ உடம்பில் இறங்குகிறது. பழைய சீட்டைக் காட்டி, மருந்துக்கடையில் பாட்டில் மேல் பாட்டில் வாங்கிப்போகிறார்கள். ரத்தம் பார்த்து எத்தனை வருடமானது என்பது நினைவில்லை. தேவைக்கு மேல் போகும் ஹார்மோன் சத்தமில்லாமல் எலும்பைக் கரைக்கும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். அந்தத் துடிப்புக் கோளாறிலிருந்து பக்கவாதம் வரலாம். குளியலறையில் ஒரு வழுக்கலில் இடுப்பெலும்பு முறியலாம். அப்போது யாரும் தைராய்டு பாட்டிலைச் சந்தேகிப்பதில்லை.

டோஸ் நிலையாக இருக்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு டி.எஸ்.எச். போதும். அந்தப் பரிசோதனைக்குப் பாட்டியையோ தாத்தாவையோ கூட்டிக்கொண்டு போகிறவர், கையோடு அவர்களின் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேஜையில் வைத்து, இந்த டோஸ் இன்னும் இவருக்குத் தேவைதானா என்று கேட்கலாம்.